ஐஸ் சோறும் ஆச்சாரமும்

1

போன மாதம் எங்கள் மாவட்டத்தில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடந்தது. முதல் நாள் மதியத்துக்கு முன்னால் ஒரு தோழர் உணவு அரசியல் பற்றிப் பேசினார். நல்ல பேச்சாளர். ஏகாதிபத்தியம், பன்னாட்டுக் கம்பெனி, விதை, உரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார். ஃபிரிட்ஜ் என்பது வீட்டுக்குள் வைத்திருக்கும் சவப்பெட்டியாம். அதிலிருந்து எடுத்துத் தின்கிறவர்கள் பிணம் தின்கிறவர்களாம். கடையில் விற்கிற உறைய வைத்த சாப்பாட்டை வாங்குகிறவர்கள் காசு கொடுத்து நோயை வாங்குகிறார்களாம். "நம் தாய்மார்கள் அன்றன்று ஆக்கிப் போட்ட சுடுசோற்றுக்குத் திரும்புவோம் தோழர்களே" என்று முடித்தார். ஒரே கைதட்டல். பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் என் வீட்டு ஃப்ரீசரில் பதினோரு டப்பா இருந்தது. நாலு கடையில் வாங்கியது. ஏழு நானே ஆக்கி வைத்தது.

எழுந்து கேட்டேன்: "தோழர், உங்க வீட்ல யாரு சமைக்கிறாங்க?"

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். "துணைவியார்தான்" என்றார். கேள்விகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை சொல்லிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு வேறு தலைப்பு வந்துவிட்டது. சாப்பாடு நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுடுசோறு, சாம்பார், பொரியல், ரசம், அப்பளம். விடியக் காலம் நாலு மணிக்கு எழுந்து அதை ஆக்கியவர்கள் ஆறு பெண் தோழர்கள். அதில் ஒருத்தி எம்.ஏ. படிக்கிற பிள்ளை. உணவு அரசியல் பற்றிய அந்தப் பேச்சை அந்த ஆறு பேரும் கேட்கவில்லை. கேட்க முடியாது. அடுப்பு பின்பக்கம் இருந்தது.

அன்றைக்குக் கிடைக்காத நேரத்தை இந்தப் பக்கங்களில் எடுத்துக்கொள்கிறேன்.

2

முதலில் அந்தத் 'தாய்மார்கள்' யார் என்று பார்த்துவிடுவோம். அன்றன்று ஆக்கிய சுடுசோறு யாருடைய தாய் போட்டது? என் ஆயா போட்டதில்லை. ஆயா நாற்று நட்டுவிட்டுப் பொழுது சாய்ந்து வரும். கூலி நெல்லாகவோ கேழ்வரகாகவோ மடியில் வரும். அதைக் குத்தி, புடைத்து, ஒரு பொழுது அடுப்பு எரியும். ராத்திரி தின்றது போக மிச்சத்தில் தண்ணி ஊற்றினால் அதுதான் மறுநாள். ஆண்டை வீட்டுக் களத்தில் கிடைத்ததும் பழையதுதான். அதையும் தட்டில் போடவில்லை, கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். அன்றன்று, மூணு வேளையும், சுடச்சுட என்பது அடுப்புக்கு விறகும் பானைக்கு அரிசியும் சமைக்க ஒரு ஆளும் எப்போதும் இருக்கிற வீட்டின் கதை. அதை எடுத்து நம் கதை என்று நம்மிடமே சொல்கிறார்கள். நாமும் கை தட்டுகிறோம்.

நம்முடைய கதை சேமிப்பின் கதை. கறி கிடைக்கும்போது மொத்தமாகக் கிடைக்கும், கிடைக்காதபோது மாசக்கணக்கில் கிடைக்காது. அதனால் அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டார்கள். உப்புக்கண்டம். மீனுக்குக் கருவாடு. காய்க்கு வத்தல். மராத்வாடாவின் மகர், மாங் வீடுகளிலும் இதே வேலைதான் நடந்தது. ஷாகு பட்டோளே 2015இல் மராத்தியில் எழுதிய புத்தகம் முழுக்க அந்த அடுப்பங்கரைதான். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் 'ஜூட்டன்' என்ற தன்வரலாற்றை இந்தியில் எழுதினார். கல்யாண வீட்டு எச்சில் இலையிலிருந்து பொறுக்கிய பூரித் துண்டுகளைக் காயவைத்து, மழைக்காலத்தில் ஊறவைத்து வேகவைத்துத் தின்றதை அதில் எழுதியிருக்கிறார். ஐஸ் இல்லாத காலத்தில் வெயிலும் உப்பும்தான் எங்கள் ஃப்ரீசர்.

'பிணம் தின்கிறவர்கள்' என்று மேடையில் சொன்னாரே தோழர், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? செத்த மாட்டைத் தூக்கவும் வைத்து, அதைத் தின்னவும் வைத்து, தின்றதற்காகவே தீண்டத்தகாதவன் என்றும் சொன்னார்களே, அவர்கள் வாயிலிருந்து வந்த சொல் அது. அண்ணல் 1927 மார்ச்சில் மகாடில், செத்த மாட்டுக் கறியை விடுங்கள், எச்சில் சோற்றுக்குக் கையேந்தாதீர்கள் என்றார். அடுத்தவன் கழித்துப் போட்டதைத் தின்னாதே என்பதுதான் அதற்குப் பொருள். உன் காசில் வாங்கி, உன் கையால் ஆக்கி, நாளைக்கென்று எடுத்து வைத்ததைத் தின்னாதே என்று அவர் சொல்லவில்லை. எச்சிலும் சேமிப்பும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

3

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் சாப்பாட்டுக்கு மூன்று குணம் பிரித்திருக்கிறது. அதில் கடைசித் தரமான தாமச உணவுக்கு ஒரு பட்டியல் உண்டு. சமைத்து ஒரு ஜாமம் கடந்தது, சுவை போனது, நாற்றம் எடுத்தது, பழையது, எச்சில், அசுத்தம். எல்லாம் ஒரே வரிசையில். ஜாமம் என்றால் மூணு மணி நேரம். காலையில் ஏழு மணிக்குக் கட்டிய டப்பாவை மதியம் ஒரு மணிக்குத் திறக்கிற அத்தனை பேரும் இந்தக் கணக்கில் தாமசர்கள்தான். கெட்டுப்போன சோறும், ஆறிப்போன சோறும், இன்னொருத்தர் வாய் பட்ட சோறும் ஒரே வகையா? வயித்துக்கு ஒரே வகை இல்லை. ஆச்சாரத்துக்கு ஒரே வகைதான். பழசு என்பது அங்கே ஒரு நாள் கணக்கு அல்ல, ஒரு ஆள் கணக்கு. அதைத் தின்கிறவன் இன்னின்ன குணத்தான் என்று சொல்லத்தான் அந்தப் பட்டியல்.

இன்றைக்கு மடி, பத்து என்று யாரும் வெளியே பேசுவதில்லை. 'ஆரோக்கியம்' என்று பேசுகிறார்கள். 'உயிர்ப்புள்ள உணவு', 'உயிரற்ற உணவு' என்கிறார்கள். எங்கள் வங்கியில் சாப்பிடுகிற அறையில் என் டப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு செஞ்சதில்லையா? ஐஸ்ல வச்சதா? அய்யோ, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு அம்மாள் கேட்பார். அக்கறையாகத்தான் கேட்கிறார். ஆனால் அவருடைய வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு. அதே அம்மாள் உப்பு முறுக்கிய ஊறுகாய் பாட்டிலை மேசையில் வைத்து நாலு விரல் தொட்டுச் சாப்பிடுவார். அது மாமியார் போட்டது, போன வருசத்தது. அது பழசில்லையா? அது 'பாரம்பரியம்'.

கிராமத்தில் நாம் தின்ற பழையதை நக்கல் பண்ணினார்கள். இன்றைக்கு அதே பழையதை மண்சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயம் வைத்து, பெரிய ஓட்டலில் விலை போட்டு விற்கிறார்கள். குடலுக்கு நல்ல கிருமி என்கிறார்கள். நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அந்தக் கிருமி என் ஆயா வயித்திலும் இருந்ததே, அன்றைக்கு ஏன் அது தாமசமாக இருந்தது?

சூடும் புதுசும்தான் பிரச்சினை என்றால் 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் நடந்ததற்கு என்ன பதில்? சத்துணவு சமைக்க ஒரு அருந்ததியர் பெண் வந்தார். சமைத்தது அன்றைக்கு ஆக்கிய சோறு. சுடச்சுட இருந்த சோறு. அவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியில் வந்து தகராறு செய்தார்கள். அங்கே அடுப்பும் புதுசு, சோறும் புதுசு. ஆகாமல் போனது சமைத்த கை. ஆகவே தோழர்களே, 'அன்றன்று ஆக்கியது' என்ற சொல்லுக்குள் 'இன்னார் ஆக்கியது' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதை உருவிப் போடாமல் சுடுசோற்றைப் புகழ்கிறவர் யாரானாலும், கறுப்புச் சட்டையோ நீலத் துண்டோ போட்டிருந்தாலும், ஆச்சாரத்தின் தோளில்தான் கை போட்டிருக்கிறார்.

4

இனி என் நாளைச் சொல்கிறேன். செங்கல்பட்டில் வீடு, சென்னையில் வேலை. காலை ஆறே முக்கால் ரயில். கவுண்ட்டரில் பணம், மாலையில் கணக்கு நேர்செய்வது. பத்து ரூபாய் இடித்தாலும் கிளம்ப முடியாது. வீடு திரும்ப எட்டேகால். துணைவர் இயக்க வேலையில் இருக்கிறார். கூட்டம் முடித்து ஒன்பதரைக்கு வருவார். சில நாள் கூடவே இரண்டு தோழர்களும் வருவார்கள். "ஒண்ணும் வேணாம் தோழர், இருக்கறதக் குடுங்க" என்பார்கள். அந்த 'இருக்கறது' தானாக இருக்காது. யாராவது இருக்க வைத்தால்தான் இருக்கும்.

இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. அரசாங்கமே எண்ணிப் பார்த்திருக்கிறது. 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு. கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருசத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களும் தங்கள் பங்கில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம் குறைவான இந்த வேலையை வைத்துக்கொண்டுதான் 'அன்றன்று ஆக்கு' என்று மேடையில் சொல்கிறோம். சொல்கிறவர் 88இல் இருக்கிறாரா, அதுவும் இல்லையா என்று கேட்கக் கூடாதாம்.

போன வருசம் முழுக்க நான் எழுதிய கவிதை மூன்று. அதற்கு முந்தின வருசம் ஒன்றுகூட இல்லை. ஃப்ரீசர் வாங்கினதும் இரண்டுக்கும் நடுவில்தான். இதை வைத்து நான் தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எட்டேகாலுக்கு அரிசி களையாத நாளில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

5

சரி, நேரம் மிச்சம், உடம்பு கெட்டால் என்ன பண்ணுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஆட்கள் ஐம்பது வயதில் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் விழுகிறார்கள். இதில் வாய்ச்சவடால் கூடாது. அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

குளிர் என்பது விஷம் இல்லை. கெட்டுப்போவது என்றால் கிருமி பெருகுவது. கழித்தல் 18 டிகிரியில் கிருமி பெருக முடியாது. சாகாது, தூங்கும். அதனால்தான் உறைய வைத்த பண்டத்தை உலகம் முழுக்க அந்த அளவில் வைக்கச் சொல்கிறார்கள். பறித்த அன்றே உறைய வைத்த பட்டாணியில் இருக்கிற சத்து, சந்தைக்கு வந்து கூடையில் நாலு நாள் வாடிய பட்டாணியைவிடக் குறைவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பல நேரம் கூடுதலாகவே இருக்கும். இந்த வித்தையைக் கம்பெனி கண்டுபிடிக்கவும் இல்லை. அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1910களில் கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது, இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்து, மாதக்கணக்கில் ருசி கெடாமல் இருப்பதைப் பார்த்தார். அதை இயந்திரமாக்கினார். 1929இல் அவருடைய கம்பெனி 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலை போனது. இன்யூட் மக்களுக்கு அதில் ஒரு டாலர் போனதாக யாரும் எழுதவில்லை. அறிவு பூர்வகுடிகளுடையது, காப்புரிமை வெள்ளைக்காரனுடையது. இது நமக்குப் புதுசா?

என் அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எப்படிக் குறைப்பாள்? வேலைக்குப் போய்வந்து ஒரு ஆளுக்கு என்ன குழம்பு வைப்பது என்று, கஞ்சியும் கருவாடும், கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நம் சேமிப்பு எல்லாமே உப்பில் நின்றது. உப்புக்கண்டத்தின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அதைப் பெருமையாகப் பேசலாம், ஆனால் அந்த உப்புதான் இன்று அம்மாவின் ரத்தக் குழாயில் நிற்கிறது. குளிருக்கு இந்தத் தொல்லை இல்லை. காப்பாற்றுவதற்கு அதற்கு ஒரு கல் உப்பும் வேண்டாம்.

அதனால் மாதம் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போகும்போது கீரைக் கூட்டு, பருப்பு, மாட்டுக்கறிக் குழம்பு எல்லாம் உப்புக் குறைத்து ஆக்கி, ஒரு வேளை டப்பாக்களில் போட்டு, சூடு தணிந்ததும் ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு வருகிறேன். முதலில், "ஐஸ் சோறா? நான் என்னா பொணமா?" என்றாள். தோழர் சொன்ன அதே சொல். எங்கிருந்து யாருக்குப் போகிறது பாருங்கள். அப்புறம் பழகிவிட்டது. போன தடவை நான், நேத்து ஆக்கினதைத் தின்றால் நோவு வரும் என்று முகாமில் பேசினதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"நேத்து ஆக்குனது இன்னைக்கு இருந்தா அது நல்ல நாளு பாப்பா. அது இல்லாதப்பதான் நோவு."

அழுத்தம் இறங்கியதா என்றால், மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஃப்ரீசர் மருந்து என்று நான் விற்க வரவில்லை. கருவாட்டுச் சட்டி இறங்கி, அந்த இடத்தில் கீரை ஏறியிருக்கிறது. அதுவே பெரிய மாற்றம்.

கவனிக்க வேண்டியவை உண்டு. ஆக்கியதை ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட்டு அப்புறம் உள்ளே வைக்கக் கூடாது. சோற்றுக்கு இது ரொம்ப முக்கியம். உறைந்ததைத் திண்ணையில் வைத்து இளக்காமல், கீழ்த் தட்டில் வைத்து இளக்க வேண்டும். நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும். இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும்.

6

அப்படியானால் கடையில் விற்கிற உறைந்த சாப்பாட்டுக்கு நான் வக்காலத்தா? இல்லை. அங்கேதான் சண்டை இருக்கிறது. ஆனால் சரியான இடத்தில் அடிக்க வேண்டும். குளிரை அடிப்பது கம்பெனிக்கு வசதி. ஏனென்றால் குற்றம் குளிரில் இல்லை, டப்பாவுக்குள் போட்டதில் இருக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. டப்பாவின் பின்னால் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று மில்லி கிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லி கிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு வேளையில் நாளின் பங்கில் ஐந்தில் இரண்டு போய்விட்டது. சில கம்பெனிக்காரர்கள் கணக்கை 100 கிராமுக்குப் போட்டு, டப்பாவை 300 கிராமுக்கு விற்பார்கள். அப்போது மூன்றால் பெருக்க வேண்டும். கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கே இது ஒரு கணக்கு. நம் மக்களுக்கு?

இன்னொன்று. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும், வேண்டுமளவு தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். பதப்படுத்தியதைத் தின்ற வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், எடையும் ஏறியது. ஆகவே உறைந்த பரோட்டாவும், பிரட் தூள் பூசிய கோழித் துண்டும், பொரிக்கத் தயாரான சமோசாவும் தினச் சாப்பாடு ஆகாது. அது மைதாவும் எண்ணெயும் உப்பும்தான். பருப்பு, பயறு, காய், மீன், கறி என்று பெயர் சொல்லக்கூடிய பண்டம் டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தால் வாங்கலாம். வாங்கி, பக்கத்தில் ஒரு கைப்பிடி கீரையோ வெள்ளரியோ வைத்துக்கொண்டால் அது ஒழுங்கான சாப்பாடு. நான் வாரத்துக்கு இரண்டு அப்படித்தான் சாப்பிடுகிறேன். அதற்கு மேல் வாங்க சம்பளமும் இடம் கொடுக்காது.

இப்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பாருங்கள். சைவம் என்றால் பச்சைப் புள்ளி, அசைவம் என்றால் பழுப்பு முக்கோணம். இதைப் போடாமல் விற்க முடியாது, சட்டம். இதில் உப்பு எவ்வளவு என்று முன்பக்கத்தில் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இல்லை. உள்ளே கறி இருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு சாராருக்கு உண்டு. உள்ளே சாவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை என் அம்மாவுக்கு இல்லை. அப்புறம் மொழி. 2020ஆம் வருசத்து விதிப்படி இந்த விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்க வேண்டும். மற்ற மொழியில் வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழ் கட்டாயம் இல்லை. இந்திக்குத் தார் பூசிய நாட்டில், வயித்துக்குள் போகிற பண்டத்தின் கணக்கு இந்தியில் இருக்கலாம், தமிழில் இல்லாமலும் இருக்கலாம். இதற்கு எந்தத் தமிழ்ப் பற்றாளர் தீக்குளிக்க வேண்டாம், ஒரு மனுவாவது கொடுத்தாரா?

7

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முன்பு இருந்த வாடகை வீட்டில் சொந்தக்காரர் சுவிட்ச் பார்க்க வந்தவர், பேச்சோடு பேச்சாக ஃபிரிட்ஜைத் திறந்தார். "சும்மா, எந்தக் கம்பெனின்னு பார்த்தேன்" என்றார். ஃப்ரீசரில் கறிக்குழம்பு டப்பா இருந்தது. என்ன கறி என்று கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் பையனுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். இப்போது இருக்கிற வீட்டில் நான் மாட்டுக்கறி ஆக்குவதில்லை. அம்மா வீட்டில் ஆக்கி, உறைய வைத்து, பையில் சுற்றிக் கொண்டுவருகிறேன். இளக்கிச் சூடுபண்ணும்போது ஜன்னலை மூடிவிடுகிறேன். தாளிக்கிற வாசனை அளவுக்கு அது தெருவுக்குப் போகாது. ஃப்ரீசர் எனக்கு நேரம் கொடுத்தது என்று மேலே பெருமையாக எழுதினேன். ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். இது விடுதலை இல்லை. எனக்குத் தெரியும்.

2015 செப்டம்பர் 28 ராத்திரி, உத்தரப் பிரதேசத்தில் தாத்ரிக்குப் பக்கத்தில் பிசாடா கிராமத்தில் முகமது அக்லாக்கை வீடு புகுந்து அடித்தே கொன்றார்கள். மாட்டுக்கறி வைத்திருந்தார் என்பது புகார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த கறி பேச்சானது, சோதனைச் சாலைக்குக் கறி போனது. கொன்றவன் கை சுத்தமா என்பதற்கு முன்னால், செத்தவன் கறி என்ன கறி என்று நாடே கேட்டது. அதே நாடுதான் எருமைக்கறியை உறைய வைத்துக் கப்பல் கப்பலாக ஏற்றி, உலகின் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருக்கிறது. துறைமுகத்துக் குளிர்ப்பெட்டியில் இருந்தால் அந்நியச் செலாவணி. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருந்தால் சாவு.

இதனால்தான் ஃபிரிட்ஜைச் சவப்பெட்டி என்று ஒரு தோழர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்லாக்குக்கு அது நிஜமாகவே சவப்பெட்டி ஆனது. ஆக்கியது குளிர் இல்லை.

8

எனக்கு வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

பேச்சாளத் தோழர்கள் 'பாரம்பரிய உணவு' என்று சொல்லும்போது யாருடைய பாரம்பரியம், யார் ஆக்கியது, யார் இலையில் தின்றது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லட்டும். கம்பெனியை எதிர்க்கும்போது உப்பையும் மைதாவையும் விலையையும் எதிர்க்கட்டும், பெண்ணுக்கு மிச்சமாகிற ஒரு மணி நேரத்தை எதிர்க்க வேண்டாம். டப்பாவின் முன்பக்கத்தில் உப்பு அளவு தமிழில், பெரிய எழுத்தில் வேண்டும் என்று ஒரு கோரிக்கையை இந்த இதழ் வாசகர்கள் கையெழுத்தாக்கட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருக்கிற மாணவர்கள், தங்கள் விடுதியில் முட்டையும் கறியும் காயும் கெடாமல் வைக்கக் குளிர்ப்பெட்டி இருக்கிறதா, இருப்பது ஓடுகிறதா என்று எழுதி அனுப்பட்டும். நிலம், கூலி, மானம் என்று கேட்கிற இயக்கம் குளிரையும் கேட்கலாம். தப்பில்லை.

அடுத்த பயிற்சி முகாம் தை மாதம் என்றார்கள். நான் வருகிறேன். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட மாட்டேன். மற்றவர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் மூட்டுவதாக இல்லை. எம்.ஏ. படிக்கிற பிள்ளை முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று இருக்கிறாள். எங்கள் வீடுகளிலிருந்து உறைந்த டப்பாக்கள் வரும். பருப்பு, கீரை, கறி எல்லாம் இருக்கும். அதை இளக்குவதும், ஆவி பறக்கச் சூடாக்குவதும், தட்டில் போட்டுக் கொடுப்பதும், பாத்திரம் கழுவுவதும் பேச்சாளத் தோழர்கள் வேலை. 88 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.